பச்சைக்கு மேல் கறுப்பு

நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைக்குப் பக்கத்துக் கொட்டகையில், காலமான என் மைத்துனரின் புல்லட் பிரேம் மட்டும் தனியாகத் தொங்கியது. இஞ்சின், டாங்கி எல்லாம் கழற்றியாயிற்று. சிவப்பு அடிக்க வேண்டுமென்று அவர் மகனுக்கு ஆசை. கறுப்பாகவே இருக்கட்டுமென்று என் தங்கைக்குப் பிடிவாதம்.

வர்ணம் அடிப்பது சின்ன வேலை, சுரண்டுவதுதான் வேலை. ஒரு பொட்டுத் துரு மிஞ்சினாலும் மேல்பூச்சு கொப்புளிக்கும். உப்புத்தாளால் தேய்த்து, தின்னரில் துடைத்து, ரெட் ஆக்ஸைடு அடித்துக் காய்ந்த பிறகே நிறத்தைப் பற்றிப் பேசலாம். கழுத்துக் குழாயில் வெட்டியிருந்த எண்ணருகே பெயிண்டர் மூச்சைப் பிடித்துக் கொண்டார்.

"பூச்சு கனத்து இது மூடிப்போச்சுன்னா, வண்டி உன்னுதுன்னு ஆர்.டி.ஓ. ஆபீசுல எப்படிச் சொல்லுவே கண்ணு?"

1955-ல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில், டாங்கியில் பொன்கோட்டைக் கையாலேயே இழுத்தவர்களுக்குப் பெயர் உண்டு. பிரேமுக்குக் கறுப்பு அடித்தவரை யார் கேட்டார்கள்?

கறுப்பு போன இடத்தில் பச்சை தெரிந்தது. கம்பெனிப் பூச்சல்ல; தூரிகைத் தடம்கூட இருந்தது. பையன் போட்டோ எடுத்துத் தாய்க்கு அனுப்பினான். உடனே என் போன் மணி அடித்தது.

"அந்தப் பச்சை நான் சொல்லி அவர் அடிச்சதுங்கண்ணா. ஊரே சிரிச்சுது, அப்புறந்தான் கறுப்பாச்சு" என்றாள் தங்கை. சற்று நேரம் பேச்சில்லை. "அவனைச் சிவப்பே அடிச்சுக்கச் சொல்லுங்க."