மூளை நனைந்த வாகனம்

2024 ஏப்ரல் 16 மழையை இங்க இருந்த ஒருத்தரும் மறக்க மாட்டினம். அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள்ள 254.8 மில்லிமீற்றர். 1949இல் பதிவு தொடங்கினதுக்குப் பிறகு இந்த நாட்டில் ஆகக்கூடிய மழை அதுதான். முவைலாவில எங்கட கடையின்ர டெலிவரி வான் இரவு முழுக்கத் தண்ணிக்குள்ள நிண்டது.

காயவிட்டு ஸ்டார்ட் பண்ண, ஓடினது. ஆவணியிலதான் வில்லங்கம். வெயில் ஏறினால் சிக்னலில நிண்டு போகும், ஆறவிட்டால் ஒண்டும் நடக்காத மாதிரி ஓடும். சாப்பாடு பிந்துது எண்டு ஆட்கள் ஓடரை கான்சல் பண்ண, முதலாளி டிரைவர் சேட்டன்ர சம்பளத்தில கை வைச்சார். மகளுக்கு காலேஜ் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது.

ஒரு கராஜில ஸ்கானரைச் செருகிப் பார்த்திட்டு, "ஈசியூ போட்டுது, 2,800 திர்ஹாம்" எண்டாங்கள். எவ்வளவு பெற்றோல் விடுறது, எப்ப பொறி அடிக்கிறது எண்டு முடிவெடுக்கிற பெட்டி. பழசு வாங்கிப் பூட்டினாலும் திறப்பில இருக்கிற இமொபிலைசரோட பொருத்தாட்டில் எஞ்சின் எழும்பாது.

இன்னொரு கராஜில ஒரு வயசான பாகிஸ்தான்காரர் பெட்டியின்ர கனெக்டரைக் கழட்டிக் காட்டினார். பின்னெல்லாம் பச்சைக் களிம்பு! துப்பரவாக்கி, எர்த் வயரையும் மாத்தினார். 150 திர்ஹாம். சென்சர் சிக்னல் வரேல்லை எண்டுதான் ஸ்கானர் காட்டும். பழுது பெட்டியிலயா வயரிலயா எண்டு மனிசன்தான் தேடவேணும். (சேட்டனுக்கு வெட்டின காசு திரும்பி வரேல்லை. அது வேற கதை.)

பெட்டியே பிழைக்கிறதும் உண்டுதான். 2010 ஓகஸ்டில டொயோட்டா, அமெரிக்கா கனடாவில 2005-2008 கொரொல்லா, மற்றிக்ஸ் கார்கள் 11 லட்சத்துக்கு மேல திருப்பி அழைச்சது. பலகையில சோல்டர் வெடிச்சு, ஓடேக்கையே எஞ்சின் நிற்கலாம் எண்டு.

1990க்குப் பிறகு தடைக்காலத்தில யாழ்ப்பாணத்தில ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில ஓடினது. காபரேற்றருக்குள்ள நாலு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணுவினம். புகை தாங்கேலாது, அதைப் பொற்காலம் எண்டு சொல்லமாட்டன். ஆனால் பழுது கண்ணுக்குத் தெரிஞ்சது.

இங்க பழைய கார் வாங்கிற எங்கட பெடியளுக்கு ஒண்டு: பெயின்ரைப் பார்த்து மயங்காதேங்கோ. காலடிக் கார்ப்பெற்றைத் தூக்கி மணந்து பாருங்கோ. சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுங்கோ, அடியில சேறு தெரியும். டாஷ்போர்ட்டுக்குக் கீழ இருக்கிற கனெக்டரில பச்சை கண்டால், விலை எவ்வளவு குறைச்சாலும் விட்டிட்டு வாங்கோ.