கொடி ஏறும் கரைகள்

சிங்கப்பூர் தெலுக் ஆயர் தெருவில் ஒரு நாகூர் தர்கா இருக்கிறது. தமிழ்நாட்டு முஸ்லிம் வணிகர்களான சூலியாக்கள் 1828-1830இல் கட்டியது. 1974 முதல் தேசிய நினைவுச்சின்னம். பினாங்கு சூலியா தெருவிலும் ஒன்று. பயணிகள் தேடிப்போய்ப் படம் எடுக்கிறார்கள். அதே நாகூர் மரபில் வந்த இலங்கையின் கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளி, எங்கட ஊர் மருதமுனைக்குத் தெற்கே சில கிலோமீற்றரில்தான் நிற்கிறது.

ஜமாதுல் ஆகிர் தலைப்பிறையில் அங்கே கொடியேற்றம். சின்ன வயதில் உம்மம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு போவோம். கொடி மினாராவில் ஏறியதும் கடல்காற்று அதை ஒரே இழுப்பில் விரிக்கும். ஸலவாத்து முழக்கத்தில் அலைச்சத்தம் கேட்காது. மணலில் வளையல் கடை, மிட்டாய்க் கடை. தமிழ் அயலவர்களும் நேர்ச்சையோடு வருவார்கள். தமிழ்நாட்டு நாகூர் தர்காவின் 131 அடி மினாராவைக் கட்டுவித்தவரே இந்துவான தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங்தானே!

தர்கா மரபை ஏற்காதவர்கள் எங்கட ஊரிலும் உண்டு. அவர்களின் நியாயம் அவர்களுக்கு. ஆனால் நாகூரையும் கல்முனையையும் பினாங்கையும் கடலால் இணைத்த சரித்திரத்துக்கு இந்தக் கொடியேற்றத்தைவிடக் கண்கண்ட சாட்சி எங்களிடம் இல்லை.

பாசிக்குடாவிலிருந்து அறுகம்பைக்குப் போகிறவர்களே, வழியில் கல்முனையில் இறங்குங்கள். ஊர்ப்பிள்ளைகளே, உங்கட மூத்தவர்களின் கொடியேற்ற நினைவுகளை இந்த வருடமே கைபேசியில் பதிந்து வையுங்கள்.