ஆர்லாண்டோவில் ஓடிய மூவர்

2000ஆம் ஆண்டு டிசம்பரில், ஃப்ளோரிடாவின் ஆர்லாண்டோவில், பள்ளி மாணவர்களுக்கான தேசிய கிராஸ் கன்ட்ரி பந்தயம் நடந்தது. ஃபுட் லாக்கர் என்ற ஷூக்கடை நிறுவனம் நடத்திய பந்தயம். ஐந்து கிலோமீட்டர். முதலில் வந்தவன் மிச்சிகனைச் சேர்ந்த டேத்தன் ரிட்சன்ஹைன். இரண்டாவது, வர்ஜீனியாவின் ஆலன் வெப். மூன்றாவது, கலிஃபோர்னியாவின் மலையூர் ஒன்றிலிருந்து வந்த ரையன் ஹால். 1982 அக்டோபரில் ஹால், டிசம்பரில் ரிட்சன்ஹைன், 1983 ஜனவரியில் வெப். மூவருக்கும் மூன்று மாத வயது வித்தியாசம்தான்.

அந்த வருடம் அமெரிக்க நெடுந்தூர ஓட்டம் கிடந்த கிடப்பைச் சொன்னால்தான் இந்தப் பெயர்களின் கனம் புரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் முடிந்த சிட்னி ஒலிம்பிக்கில் மாரத்தானுக்கு அமெரிக்காவால் அனுப்ப முடிந்தது ஒரே ஒரு ஆணையும் ஒரே ஒரு பெண்ணையும்தான். 1972இல் ஃபிராங்க் ஷார்ட்டர் மாரத்தான் தங்கம் வாங்கிக் கொடுத்த நாடு அது. அந்த வறட்சியில் மூன்று பையன்கள் ஒரே பந்தயத்தில் வந்து நின்றதும், முப்பது வருட ஏக்கத்தை மொத்தமாக அவர்கள் தலையில் ஏற்றிவைத்துவிட்டார்கள். அன்று தொடங்கிய கேள்வி இன்றுவரை ஓயவில்லை. மூணு பேர்ல யார் பெரிய ஆள்?

நான் ஹூஸ்டனில் இருக்கிறேன். கணினி வேலை, காலையில் ஓட்டம், ராத்திரி ஓட்டப் புள்ளிவிவரம். இந்தக் கேள்வியைப் பல வருடங்களாகச் சுமந்து திரிகிற பைத்தியங்களில் நானும் ஒருவன்.

வெப்பைத்தான் முதலில் எல்லோரும் தூக்கிப் பிடித்தார்கள். அதற்குக் காரணமும் இருந்தது. 2001 மே மாதம், ஒரெகானின் யூஜீன் நகரில், உலகின் பெரிய மைல் ஓட்டக்காரர்களோடு ஒரு பள்ளிக்கூடப் பையனை ஓடவிட்டார்கள். வென்றவர் ஹிஷாம் எல் கெருஜ். ஐந்தாவதாக வந்த வெப்பின் நேரம் 3 நிமிடம் 53.43 வினாடி. ஜிம் ரைன் 1965இல் வைத்த பள்ளி மாணவர் சாதனை 36 வருடங்களுக்குப் பிறகு விழுந்தது. முதல் இடத்தை விட்டுவிட்டு ஐந்தாவது வந்தவனைப் பார்த்து ஒரு மைதானமே எழுந்து நின்று கத்தியதை வீடியோவில் பார்க்கலாம். பதினெட்டு வயதுப் பையனுக்கு அது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றுவரை சொல்லத் தெரியவில்லை.

அப்புறம் வெப்பின் வாழ்க்கை ஒரே சீராகப் போகவில்லை. கல்லூரியில் ஒரு வருடம், உடனே தொழில்முறை ஓட்டம். 2004 ஏதென்ஸில் முதல் சுற்றோடு வெளியே. 2007 ஜூலையில், பெல்ஜியத்தின் பிராஸ்ஹாட் என்ற சின்ன ஊரில், பெரிய ஆரவாரம் எதுவுமில்லாத ஒரு பந்தயத்தில் மைலை 3 நிமிடம் 46.91 வினாடியில் ஓடினார். அமெரிக்க சாதனை. அவர் முறியடித்த ஸ்டீவ் ஸ்காட்டின் சாதனைக்கு வெப்பைவிட ஆறு மாதம் வயது அதிகம். ஆனால் அடுத்த மாதமே ஒசாகா உலகப் போட்டியில் எட்டாவது இடம். அதற்கடுத்த வருடம் ஒலிம்பிக் அணியிலேயே இடமில்லை. 2014இல் ஓட்டத்தை விட்டு டிரையத்லான் பக்கம் போனார். “வீணாப் போன திறமை” என்று இவரைப் பற்றிச் சொல்பவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். நாட்டிலேயே எவனும் ஓடாத மைலை ஓடியவன் எப்படி வீணாய்ப் போனான்?

ஹால் எங்கள் ஊர்க்காரர் மாதிரி. 2007 ஜனவரி 14, ஹூஸ்டன் அரை மாரத்தான். 59 நிமிடம் 43 வினாடி. அமெரிக்கர் ஒருவர் ஒரு மணி நேரத்துக்குள் ஓடி முடித்தது அதுதான் முதல் முறை. எங்கள் அபார்ட்மெண்ட் ஜிம்மில் இருக்கும் ட்ரெட்மில் மணிக்கு 12 மைலுக்கு மேல் போகாது. ஹால் அன்று ஒரு மணி நேரமும் ஓடியது 13 மைல் வேகத்துக்கு மேல். நானும் ஹூஸ்டனில் அரை மாரத்தான் ஓடியிருக்கிறேன், 2 மணி 6 நிமிடம். ஹால் முடித்துவிட்டுத் துண்டால் முகம் துடைத்திருக்கும் நேரத்தில் நான் பத்தாவது கிலோமீட்டரில் தண்ணீர் கிளாஸைத் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

அந்த வருட நவம்பரில், நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடந்த ஒலிம்பிக் தகுதிப் போட்டியை ஹால் வென்றார். ரிட்சன்ஹைன் இரண்டாவது. அதே ஓட்டத்தின் நடுவே ரையன் ஷே என்ற ஓட்டக்காரர் விழுந்து இறந்துபோனார். அந்த நாளின் வெற்றிப் படங்களை என்னால் முழுதாக ரசிக்க முடிந்ததில்லை. 2011 பாஸ்டனில் ஹால் ஓடியது 2 மணி 4 நிமிடம் 58 வினாடி. ஆனால் பாஸ்டன் பாதை ஒரு முனையில் தொடங்கி இன்னொரு முனையில் முடிவது, இறக்கமும் அதிகம், அன்று முதுகுக்குப் பின்னால் காற்று வேறு. எனவே சாதனைப் பட்டியலில் சேராது. அன்று அவருக்கு நான்காவது இடம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் பாதியில் நின்றார். 2016 ஜனவரியில், 33 வயதில், போதும் என்றார். லேசான ஓட்டத்துக்குக்கூட உடம்பு ஒத்துழைக்காத சோர்வு, டெஸ்டோஸ்டிரோன் அடிமட்டத்தில். இன்று எடை தூக்கித் தூக்கி, பழைய படத்தோடு ஒப்பிட்டால் அடையாளமே தெரியாத உடம்பு. ஆனால் அந்த 59:43 பதினெட்டு வருடம் நின்றது. 2025 ஜனவரியில், அதே ஹூஸ்டனில்தான், கானர் மான்ட்ஸ் அதை உடைத்தார்.

ரிட்சன்ஹைனின் கதையை ஒரு எலும்பு டாக்டரின் குறிப்பேட்டிலிருந்து எழுதலாம். ஆர்லாண்டோவில் ஜெயித்தவர் அவர்தான். 2003இல் கல்லூரி கிராஸ் கன்ட்ரி தேசியப் போட்டியிலும் அவர் முதல், ஹால் இரண்டாவது. ஆனால் எலும்பில் மயிரிழை விரிசல், குணமாவது, மறுபடி விரிசல். 2004இல் காயம்பட்ட பாதத்தோடு ஏதென்ஸ் போய்ப் பத்தாயிரம் மீட்டரை முடிக்க முடியாமல் வெளியேறினார். 2008 பெய்ஜிங் மாரத்தானில் ஒன்பதாவது. பத்தாவது யார்? ஹால். 2009 ஆகஸ்டில் ஜூரிச்சில் ஐயாயிரம் மீட்டர் 12 நிமிடம் 56.27 வினாடி, அமெரிக்க சாதனை. அது ஒரு வருடம்கூட நிற்கவில்லை, பெர்னார்ட் லகாட் கொண்டுபோய்விட்டார்.

பிறகு 2012 ஜனவரி 14. ஹாலின் அந்த அரை மாரத்தானுக்குச் சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஹூஸ்டனில், லண்டனுக்கான மாரத்தான் தகுதிப் போட்டி. மூன்று பேருக்குத்தான் இடம். மெப் கெஃப்லெஸிகி முதல், ஹால் இரண்டாவது, அப்டி அப்திரஹ்மான் மூன்றாவது. ரிட்சன்ஹைன் நான்காவது, எட்டு வினாடி பின்னால். 42 கிலோமீட்டர் ஓடிவிட்டு எட்டு வினாடி! மனுஷன் அதோடு படுத்துவிடவில்லை. அந்தக் கோடையிலேயே பத்தாயிரம் மீட்டரில் தகுதி பெற்று லண்டன் போனார். அக்டோபரில் சிகாகோவில் 2 மணி 7 நிமிடம் 47 வினாடி.

இப்போது ஒப்பிட்டுப் பாருங்கள். வேகம் என்றால் ஹால். ஒலிம்பிக் இடம் என்றால் ரிட்சன்ஹைன், அதுவும் ஒரே ஒரு இடம் முன்னால். ஒரு நாளின் உச்சம் என்றால் வெப். இந்த ஆட்டத்தை மொத்தமாகக் கலைத்துவிடுகிறவர் மெப். எரித்ரியாவிலிருந்து அகதியாக வந்தவர், இவர்களைவிட ஏழு வயது மூத்தவர். அவருடைய வாழ்நாள் சிறந்த மாரத்தான் 2:08:37. ரிட்சன்ஹைனைவிட மெதுவு, ஹாலைவிட ரொம்பவே மெதுவு. அந்த 2:08:37ஐ அவர் ஓடியது 2014 பாஸ்டனில், முந்தைய வருடம் குண்டு வெடித்த அதே தெருவில், 39 வயதை நெருங்கும்போது. ஜெயித்தார். ஏதென்ஸ் வெள்ளியும் நியூயார்க் வெற்றியும் ஏற்கெனவே கையில். அந்த பாஸ்டனில் ஹாலும் ஓடினார், இருபதாவது இடம்.

இதையெல்லாம் வெறும் புள்ளிவிவரமாகவே வைத்துக்கொண்டிருந்தேன், என் மகள் ஓடத் தொடங்கும்வரை. உயர்நிலைப் பள்ளி கிராஸ் கன்ட்ரி அணி. 2023 செப்டம்பர் தொடக்கத்தில் முழங்காலுக்குக் கீழே வலி என்றாள். ஸ்கேனில் எலும்பில் விரிசல் ஆரம்பித்திருந்தது. ஆறு வாரம் ஓடக் கூடாது, காலில் பூட். வீட்டில் அவள் அழவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. ஒருநாள் இரவு அவளுக்கு இந்த மூவர் கதையைச் சொன்னேன். எனக்கு உள்நோக்கம் இருந்தது. ஹாலைச் சொல்லி, நிறுத்தத் தெரிவதும் ஒரு திறமை என்று அவள் மனதில் போட நினைத்தேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு, “ரிட்ஸ்தான்பா பெஸ்ட்” என்றாள்.

“ஏம்மா? அவர் சாதனை ஒரு வருஷம்கூட நிக்கலியே.”

“உடைஞ்சு உடைஞ்சு திரும்பி வந்தார்ல.”

“அதான் எனக்குப் பயமே. ஹால் பாரு, உடம்பு போதும்னதும் விட்டுட்டார்.”

“அவர் முப்பத்திமூணு வயசுல விட்டார்ப்பா. எனக்குப் பதினாறு.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. உண்மையில் என் ஓட்டும் ரிட்சன்ஹைனுக்குத்தான். விளிம்பில் எட்டு வினாடியில் விழுந்தும் ஏழே மாதத்தில் வேறு தூரத்தில் ஒலிம்பிக்கில் போய் நின்றவரை எனக்குப் பிடிக்காமல் எப்படி இருக்கும்? ஆனால் ரசிகனாகப் பிடிப்பது வேறு. மருந்துக்கடை பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் மகள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்திருக்கும்போது பிடிப்பது வேறு. அவரிடம் நான் கொண்டாடுகிற குணத்தை இவளிடம் பார்த்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை.

செப்டம்பர் 16, சனிக்கிழமை. யூஜீனில் மைல் ஓட்டம். 2001இல் வெப் ஓடிய அதே மைதானம், இப்போது இடித்துப் புதிதாகக் கட்டியது. இருவரும் சோஃபாவில் உட்கார்ந்து பார்த்தோம். நார்வேயின் யாகோப் இங்கப்ரிக்ட்சன் முன்னால், அவர் முதுகை விடாமல் அமெரிக்காவின் யாரெட் நுகூஸ். கடைசி நேர்கோட்டில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டு வந்தார். இரண்டாவது இடம்தான், ஆனால் 3 நிமிடம் 43.97 வினாடி. பதினாறு வருடம் நின்ற வெப்பின் சாதனை போயிற்று. நான் எழுந்து நின்றுவிட்டேன். நுகூஸின் பயிற்சியாளர் யாரென்று மகளுக்கு முன்பே தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன். கொலராடோவின் போல்டரில் அணி நடத்தும் டேத்தன் ரிட்சன்ஹைன்.

“பாத்தியாப்பா” என்றாள்.

“பாத்தேன். உனக்கு இன்னும் நாலு வாரம் இருக்கு.”