முன்பாரமும் பின்பாரமும்

என்னிடம் தமிழ் பயின்ற பழைய மாணவர் ஒருவர் ஜேர்மனியிலே 1972ஆம் ஆண்டு வொக்ஸ்வாகன் வான் ஒன்றை வைத்திருக்கின்றார். படுக்கையும் அடுப்பும் உள்ளேயே அமைந்த வண்டி. சென்ற கோடையில் அதன் பின்னே சிறியதோர் இழுவைப்பெட்டியைப் பூட்டி, என்னையும் ஏற்றிக்கொண்டு, கருங்காடு எனப்படும் மலைநாட்டை நோக்கிப் புறப்பட்டார்.

பிறேக் இல்லாப் பெட்டி பாரத்தோடு 750 கிலோவைக் கடத்தலாகாது. வேகமும் மணிக்கு 80 கிலோமீற்றருக்குள் அடங்கவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். இரண்டுக்கும் அடங்கியே சென்றோம். ஆயினும் பெட்டி திடீரெனப் பாம்புபோல் நெளிந்தது. வானின் பின்புறமும் உடனாடிற்று. அவர் சுக்கானை நேரே பிடித்து, வேகம் தானே தணிய விட்டார். எதிரே லொறிகள் வந்துகொண்டிருந்தன. நல்லூர்க் கந்தனை எத்தனைமுறை அழைத்தேனோ!

நிறுத்திப் பார்த்தோம். தண்ணீர்க் கலன்கள் யாவும் அச்சுக்குப் பின்னே கிடந்தன. "பின்பாரம்" என்றேன். மாட்டுவண்டியிலே நெல்மூட்டை ஏற்றுவோர் அறியாததன்று அது. பின்பாரம் நுகத்தை மேலே தூக்கும். கலன்களை அச்சுக்குச் சற்று முன்னே நகர்த்தினோம். மிக முன்னே தள்ளுவதும் தீங்கே. அவ்வானுக்கு எஞ்சினும் பின்னேதான். கொக்கியில் அழுத்தம் மிகுந்தால் முன்சில்லுகள் இலேசாகிச் சுக்கானுக்கு அடங்கா. இது மாணவர் எனக்குக் கற்பித்த பாடம்.

மலையேற்றத்திலே கீழ்க் கியரிற் சென்றோம். எஞ்சின் விரைந்து சுழன்றாற்றான் அதனைக் குளிர்விக்கும் விசிறியும் விரைந்து சுழலுமாம். பின்னே வந்த கார்கள் பொறுமையிழந்து ஒலியெழுப்பின. பெட்டியோ ஆடாது வந்தது.