96 மில்லிமீட்டர் பந்தா!

பாஸ், குல்மார்க் போனா என்னை மாதிரி சீன் போடாதீங்க!

அப்பா ஸ்ரீநகர்ல வேலை பார்க்கிறதால எனக்கு இது மூணாவது பனி சீசன். வாடகைக் கடையில 'எந்த லெவல்?'னு கேட்டதும், 'எக்ஸ்பர்ட்'னு அடிச்சு விட்டேன். கண்ணு அந்த ஆல்-மவுன்டன் ஸ்கீ மேல. இடுப்பு 96 மி.மீ., மரத்துக்கு மேலயும் கீழயும் டைட்டனால் தகடு. (பேர்லதான் டைட்டானியம் வாசனை. உள்ளே அலுமினியக் கலவை. மெக்கானிக்கல்காரன் இதைக்கூடச் சொல்லலைன்னா எப்படி?) இறுகின பனியில, வேகத்துல உதறாது. ஆனா அதை வளைக்கிற வேகத்தையும் பலத்தையும் நாமதான் கொடுக்கணும்.

கோண்டோலாவுல அஃபர்வத். கிட்டத்தட்ட 3,950 மீட்டர்! பயத்துல மெதுவா இறங்கினேன். ஸ்கீ வளையவே இல்லை. விழுந்தேன்... பைண்டிங் கழலவும் இல்லை. எவ்வளவு விசையில கழலணும்னு எடை, உயரம், வயசு, பூட் நீளத்தோட நாம சொல்ற லெவலையும் பார்த்துத்தான் திருகுவாங்க. என் பொய்க்கும் சேர்த்துத் திருகியிருந்தாங்க.

முழங்கால்ல லிகமென்ட் கிழிசல். ஆறு வாரம் பிரேஸ்.

அப்பாகிட்ட 'பனி வழுக்கிடுச்சு'ன்னுதான் சொல்லியிருக்கேன். இந்தப் பக்கத்தை அவர் வாராவாரம் படிப்பார்.