பழைய கள், புது மொந்தை

ரீமிக்ஸ்னு சொன்னதும் நம்ம ஆளுங்களுக்கு ஞாபகம் வர்றது வேற சமாச்சாரம். 1970ல் 'சொர்க்கம்' படத்துக்கு எம்.எஸ்.வி. போட்ட 'பொன்மகள் வந்தாள்' பாட்டை 2007ல் 'அழகிய தமிழ்மகன்' படத்தில் ரஹ்மான் புதுசா போட்டாரே, அந்த மாதிரி. அதுக்குத் திட்டு, பாராட்டு ரெண்டுமே நிறைய எழுதியாச்சு. இங்க சொல்ல வந்தது அது இல்லை.

ஒரு ஆல்பம் பதிவாகும்போது குரல், கிடார், ட்ரம்ஸ் எல்லாம் டேப்பில் தனித்தனி ட்ராக்கில் இருக்கும். எது எவ்வளவு சத்தமா, எந்தப் பக்கமிருந்து கேட்கணும்னு முடிவு பண்ணிக் கலக்கறதுதான் மிக்ஸிங். அதே டேப்பை நாற்பது ஐம்பது வருஷம் கழிச்சு எடுத்து மறுபடி கலந்தால் ரீமிக்ஸ். ரீமாஸ்டர்ங்கிறது வேற. ஆறிப்போன சாம்பாரைச் சூடு பண்ணித் தர்றது ரீமாஸ்டர். அதே பருப்பு, அதே காயை வச்சு, உப்பு புளியை மட்டும் மாத்திப் புதுசா வைக்கறது ரீமிக்ஸ்.

சரி, அந்தப் புது சாம்பார் பழசை விட நல்லா இருக்கா? சில சமயம் சத்தியமா நல்லா இருக்கு.

பீட்டில்ஸின் 'சார்ஜண்ட் பெப்பர்' (1967) ஆல்பத்தையே எடுத்துக்கோங்க. அப்ப அவங்களுக்குக் கிடைச்சது நாலே நாலு ட்ராக். நாலும் நிரம்பினதும் எல்லாத்தையும் கலந்து இன்னொரு டேப்பில் ஒண்ணு ரெண்டு ட்ராக்கில் அடக்கிட்டு, மிச்ச இடத்தில் மேற்கொண்டு வாசிப்பாங்க. ஒவ்வொரு தடவை மாத்தும்போதும் இரைச்சல் கூடும், தெளிவு குறையும். போதாததுக்கு, அன்னிக்கு முக்கியம்னு நினைச்சது மோனோதான். மோனோ மிக்ஸுக்கு மெனக்கெட்ட அளவுக்கு ஸ்டீரியோவுக்கு யாரும் மெனக்கெடலை. ஆனா உலகம் பூரா பிறகு கேட்டது அந்த அவசர ஸ்டீரியோவைத்தான்!

2017ல் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின், அடக்கறதுக்கு முந்தைய மூல டேப்புகளை எடுத்து, மோனோவை வழிகாட்டியா வச்சு ஸ்டீரியோ பண்ணினார். 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' பழைய ஸ்டீரியோவில் மோனோவை விட மெதுவா ஓடும். அதையும் மோனோ வேகத்துக்கே கொண்டு வந்தார். ஹெட்ஃபோனில் கேட்டுப் பாருங்க, ரிங்கோவின் ட்ரம்ஸ் நெஞ்சுல இடிக்கும். என் ஓட்டு புதுசுக்குத்தான்.

ரஷ் குழுவின் 'வேப்பர் ட்ரெய்ல்ஸ்' (2002) இன்னொரு கேஸ். சத்தத்தை ஏத்து ஏத்துன்னு ஏத்தி, ஒலியே உடைஞ்சு கரகரன்னு போன ஆல்பம். கேட்டு முடிச்சா தலைவலி நிச்சயம். 2013ல் டேவிட் போட்ரில் முழுசா ரீமிக்ஸ் பண்ணினப்புறம்தான் உள்ளே இவ்வளவு நல்ல பாட்டுங்க இருக்கறதே தெரிஞ்சது.

இனி மறுபக்கம். இக்கி பாப்பும் ஸ்டூஜஸும் செஞ்ச 'ரா பவர்' (1973) ஆல்பத்தை மிக்ஸ் பண்ணினது டேவிட் போவி. இக்கி கொண்டு வந்த 24 ட்ராக் டேப்பில் மூணே மூணு ட்ராக்கில்தான் ஏதோ இருந்ததுன்னு போவி சொல்லியிருக்கார்: ஒண்ணில் மொத்த பேண்டு, ஒண்ணில் லீட் கிடார், ஒண்ணில் இக்கி. அவரும் என்னத்தைப் பண்ணுவார்! பேஸ், ட்ரம்ஸ் எங்கன்னு தேடணும், கிடார் மட்டும் கத்தி மாதிரி கிழிக்கும். 1997ல் இக்கியே உட்கார்ந்து ரீமிக்ஸ் பண்ணினார், எல்லா முள்ளும் சிவப்பைத் தொடற அளவுக்கு. பேஸ் கேட்குது, ட்ரம்ஸ் கேட்குது, கூடவே காதும் வலிக்குது. பாடினவரே பண்ணினது ஆச்சே, அதானே அசல்னு வாதம் பண்ணலாம். ஆனா பங்க் குழுக்கள் பலதுக்கும் உசுப்பேத்தினது அந்த ஒல்லிப்பிச்சான் போவி மிக்ஸ். 2010ல் அதையே மறுபடி வெளியிட்டாங்க.

மெட்டாலிக்காவின் '...அண்ட் ஜஸ்டிஸ் ஃபார் ஆல்' (1988) ஆல்பத்தில் பேஸ் கிடார் காதிலேயே விழாது. ரசிகர்கள் தாங்களாவே பேஸை ஏத்தி வச்சு இணையத்தில் விட்டுட்டு இருக்காங்க. பேண்டு மட்டும் அசையலை. 2018ல் மறுபதிப்பு வந்தப்பவும் ரீமாஸ்டரோட நிறுத்திக்கிட்டாங்க. எனக்கு அந்த வறட்சி இல்லாம அந்த ஆல்பத்தை நினைக்க முடியலை.

ஆக, கருவியோட குறையா இருந்தா சரி பண்ணுங்க, ரசனையா இருந்தா கை வைக்காதீங்கன்னு ஒரு கோடு போடத் தோணும். ஆனா அந்தக் கோடு ரொம்பத் தேறாது. 'ரா பவர்' ஒல்லியா இருந்தது குறையா, ரசனையா? ரெண்டும்தான்.

எனக்கு முக்கியமாப் படறது வேற. 1987ல் இஸட்இஸட் டாப்பின் எழுபதுகள் ஆல்பங்களை சிடிக்குக் கொண்டு வந்தப்ப, அந்தக் கால ஃபேஷனுக்காக ட்ரம்ஸில் எதிரொலி ஏத்தி ரீமிக்ஸ் பண்ணிட்டாங்க. 'ட்ரெஸ் ஓம்ப்ரெஸ்' (1973) ஆல்பத்தோட அசல் மிக்ஸ் சிடியில் வர 2006 ஆச்சு. கிட்டத்தட்ட இருபது வருஷம்! அதுவரை கடையில் சிடி வாங்கினவன் கேட்டது 1973ஐ இல்லை, 1987ஐ. அட்டையில் படம் என்னவோ பழசுதான்.

பீட்டில்ஸிலேயும் இது உண்டு. 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' (ரெண்டும் 1965) ஆல்பங்களை 1986ல் ஜார்ஜ் மார்ட்டினே சிடிக்காக ரீமிக்ஸ் பண்ணினார். 2009 ரீமாஸ்டரும் அதிலிருந்து வந்ததுதான். 1965 ஸ்டீரியோ வேணும்னா அதே வருஷம் வந்த மோனோ பெட்டிக்குள்ள தேடணும். 'அசலைத் தொடக் கூடாது'ன்னு சண்டைக்கு நிக்கற எத்தனை பேர் மனப்பாடமா வச்சிருக்கறது 1986 ரீமிக்ஸ்னு நினைச்சா சிரிப்பு வருது, கொஞ்சம் பயமாவும் இருக்கு.

அதனால யார் எத்தனை ரீமிக்ஸ் வேணா பண்ணட்டும், நானும் காசு கொடுத்து வாங்கறேன். ஒரே ஒரு நிபந்தனை: பழசும் பக்கத்திலேயே இருக்கணும், எது எந்த வருஷத்து மிக்ஸ்னு அட்டையில் தெளிவா போட்டிருக்கணும். 'பெப்பர்' புதுசு எனக்குப் பிடிச்சதே பழைய மோனோவையும் பக்கத்தில் வச்சுக் கேட்க முடிஞ்சதாலதான். பழசு கைக்குக் கிடைக்காமப் போயிட்டா, புதுசு நல்லா இருக்கான்னு எதை வச்சுச் சொல்றது?

டிஸ்கி: 'பொன்மகள் வந்தாள்' விஷயத்தில் நான் எம்.எஸ்.வி. கட்சி. அதுக்குச் சண்டை போட வர்றவங்க தனியா வாங்க.