கணவாய் வறுத்த கதை

ஹொங்கொங்கில் நாம் தங்கியிருந்த நாட்களில், கவுலூனிலுள்ள தேநீர்ச்சாலை ஒன்றே எமது பள்ளிக்கூடமாயிற்று. எமது விடுதியின் அடுத்த அறையில் வசித்த சீன இளைஞரொருவர் காலைதோறும் எம்மை அங்கு அழைத்துச் சென்று, கன்ரனீஸ் மொழியின் வினைச்சொற்களை ஒவ்வொன்றாய்ப் புகட்டி வந்தார்.

'சிக்' என்றால் உண்; 'யம்' என்றால் குடி. 'யம் சா' என்பது தேநீர் குடித்தல். ஆயினும் அவ்வாறு அழைப்பவர் தேநீரோடு விட்டுவிடுவதில்லை. மூங்கிற் கூடைகளில் ஆவி பறக்கும் இறாற் கொழுக்கட்டைகளும் வந்து சேரும். தேநீர் ஊற்றுபவருக்கு வாயால் நன்றி கூற வேண்டுவதில்லை. விரல்களால் மேசையைத் தட்டினாற் போதும்.

ஒலியிலேதான் ஆபத்து. 'மாய்' என்பது ஒரு தொனியில் வாங்கு. மறு தொனியில் வில்! இத்தகைய தொனிகள் ஆறு. சந்தையிலே நாம் பட்ட பாட்டை விரிக்க இங்கு இடமில்லை.

நாம் காக்காய் பிடித்தல் என்பதை அவர்கள் சப்பாத்துத் துடைத்தல் என்பர். நெடுநேரம் தொலைபேசியிற் பேசுவோர் தொலைபேசிக் கஞ்சி காய்ச்சுகின்றனராம். 'சாவ்' என்றால் வறு. எமது காதுக்கு அச்சொல் அபசகுனமாகவே ஒலித்தது. வீடுகளை வாங்கி விற்று இலாபம் தேடுவோரும் அம்மொழியில் வீட்டை வறுப்பவர்களே.

ஒருநாட் காலை நண்பர் தாமதித்து வந்தமர்ந்து, "சாவ் யௌ யூ" என்றார். யௌ யூ என்பது கணவாய் என முதல்நாள் கற்றிருந்தோம். கணவாய் வறுவல் உண்டு வந்திருக்கிறார் போலும் என்றெண்ணி, "ஹோ சிக்!" என்றோம் பெருமிதத்தோடு. மிக்க சுவை என்பது அதன் பொருள்.

அவர் திகைத்தார், பின்னர் கண்ணீர் வருமளவு சிரித்தார். அச்சிரிப்பு நெடுநேரம் நீடிக்கவில்லை. வறுக்கும்போது கணவாய்த் துண்டு பாய்போற் சுருளும். முற்காலத்தில் தொழிலிடத்திலேயே தங்கிய கூலியாட்கள், வேலை போனதும் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறுவர். அவ்வொப்புமையினாற் பிறந்த தொடராம் அது. நண்பருக்கு முந்தின நாள் மாலையிலேதான் சீட்டுக் கிழிந்திருந்தது.

வெட்கத்தால் எமக்கு நாவெழவில்லை. "இனி வடமேற்குக் காற்றைத்தான் சிக்" என்றார் அவர். முதற்பாடத்துச் சொல்லாதலின், இம்முறை பொருள் கேட்க நேரவில்லை. அவரது கிண்ணத்தில் தேநீர் ஊற்றினோம். அவர் இரு விரல்களால் மேசையை மெல்லத் தட்டினார்.